மாளிகைக்கு மட்டுந்தானா புராதனம்?

மானகிரியிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்; கொத்து வேலை செய்பவர். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வெளிதேசத்தார் வண்டி வண்டியாக வந்து, செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போகின்றார்களாம். ஒரு நாள் அப்படி வந்த கூட்டத்திலே ஒருவர் வழி தவறி இவர்கள் தெருவுக்குள் நுழைந்து விட்டாராம். உடனே கூட வந்த வழிகாட்டி ஓடி வந்து, "இந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வாருங்கள்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டாராம். "எங்கள் பாட்டன் பூட்டன் சுண்ணாம்பு அரைத்துப் பூசிய சுவரைப் பார்க்கப் பணம் கொடுத்து வருகிறார்கள். அரைத்தவன் இருந்த தெருவில் பார்க்க ஒன்றுமில்லையா? நீங்களே சொல்லுங்கள்" என்று தோழர் கேட்கின்றார்.

இது ஒரு மனிதருடைய மனத்தாங்கல் மாத்திரமல்ல என்றும், நாடு முழுமைக்கும் சேர்ந்த ஒரு கேள்வி என்றும் நாம் கருதுவதால் இவ்வாரம் இதைப் பற்றியே எழுதுகின்றோம்.

செட்டிநாட்டு மாளிகைகளைப் பற்றி நமக்குக் குறைவான அபிப்பிராயம் கிடையாது. பர்மாவிலிருந்து தேக்கும், இத்தாலியிலிருந்து சலவைக்கல்லும், ஆத்தங்குடியில் கையால் வார்த்த தரைக்கல்லும், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர்ப்பூச்சும் கொண்டு கட்டிய அவ்வீடுகள் நல்ல வேலைப்பாடு உள்ளவையென்பதில் சந்தேகமில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் உலக நாடுகளின் புராதனச் சின்ன உத்தேசப் பட்டியலில் 2014-ம் வருஷத்தில் சேர்க்கப்பட்டும் இருக்கின்றன. அது நல்லதுதான். இடிந்து விழுந்து தூணும் கதவும் விறகு விலைக்குப் போவதைவிட, நாலு பேர் பார்க்க நிற்பது மேல்.

ஆனால் நாம் கேட்பது என்னவென்றால், அந்தப் பட்டியலில் வீடு இருக்கின்றது, வீட்டுக்காரன் இருக்கின்றான், தேக்கு மரங்கூட இருக்கின்றது. மரத்தைச் சுமந்தவன் எங்கே? கல்லை இழைத்தவன் எங்கே? களத்தில் நெல்லடித்து அந்த வீட்டுப் பத்தாயத்தை நிரப்பியவன் எங்கே? இவர்களைக் காணாமற்செய்து விட்டு மீதியைப் "பாரம்பரியம்" என்று சொன்னால் அது பாதிக் கணக்கு அல்லவா? வட்டிக் கணக்கில் ஒரு காசு தவறினாலும் பொறுக்காத நாட்டிலே, மனிதக் கணக்கில் பாதி விட்டுப் போனதைக் கேட்பாரில்லையென்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

நிற்க, இந்த மாளிகைகளில் பல எழும்பிக் கொண்டும் பளபளத்துக் கொண்டும் இருந்த காலத்திலேயே அதே ஜில்லாவில் நடந்த ஒரு சங்கதியை வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். காரைக்குடி அப்பொழுது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1930-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்த ஜில்லாவிலே கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆதிதிராவிடர்கள் பொன் நகையும் வெள்ளி நகையும் அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது, சட்டை, பனியன் போடக்கூடாது, கிராப்பு வைக்கக்கூடாது, வீட்டில் மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது, பெண்கள் மேலாடையோ ரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது, பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது, வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பும் போடக்கூடாது. இவைதாம் அந்த எட்டு. மீறினவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் நாசமாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

அதோடும் நிற்கவில்லை. 1931-ம் வருஷம் ஜூன் மாதம் இது பதினோரு தடைகளாயிற்று. இதில் தேவேந்திரகுல வேளாளர்களையும் சேர்த்துக் கொண்டார்கள். பிள்ளைகள் படிக்கக்கூடாது, மிராசுதாரர் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். பெண்கள் செம்பிலோ பித்தளையிலோ தண்ணீர் எடுக்கக்கூடாது. வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக்கூடாது. சொந்த நிலமிருந்தால் மிராசுதாரருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைக்க வேண்டும். கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் வைக்கக்கூடாது. இப்படிப் போகின்றது அந்த ஜாப்தா. இது நாம் இட்டுக் கட்டினதல்ல. 1931-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குக்குத் தலைமை வகித்த ஹட்டன் என்பவர் ஜாதியைப் பற்றி 1946-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கின்றார். மாளிகைக்குள்ளே அடுக்கடுக்காக வெண்கலமும் பித்தளையும் பீங்கானும். அதே ஜில்லாவில் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்தாள் என்பதற்காக ஒருத்தியின் கூரைக்குத் தீ. இவ்விரண்டும் ஒரே காலத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்து மறு பக்கத்தைக் குழியில் போட்டு மூடுவது யோக்கியமா என்று கேட்கின்றோம்.

இனி, "சரி ஐயா, சேரியில் கஷ்டமிருந்தது வாஸ்தவம். கஷ்டம் எப்படிப் பாரம்பரியமாகும்? அங்கே காப்பாற்றி வைக்கும்படியாக என்ன இருக்கின்றது?" என்று சில படித்த கனவான்கள் கேட்பார்கள். அவர்களுக்காகவே சில விஷயங்களைச் சொல்லுகின்றோம்.

சென்னை இராயப்பேட்டையிலே 1907-ம் வருஷம் ஜூன் மாதம் 19-ந் தேதி நாலு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை பிறந்தது. அதற்குப் பெயர் "ஒரு பைசாத் தமிழன்". நடத்தியவர் பண்டிதர் அயோத்திதாசர். கூலிக்காரன் வாங்கிப் படிக்கட்டும் என்று விலையையே பெயராக வைத்தார். "நாங்கள் ஜாதியில் கீழானவர்கள் அல்ல, ஜாதியில்லாத் தமிழர்கள்" என்பது அவருடைய வாதம். அதற்கும் முன்னே, 1893-லேயே இரட்டைமலை சீனிவாசன் அதே சென்னையில் "பறையன்" என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி ஊரார் ஏசினார்களோ அந்தப் பெயரையே முகப்பில் அச்சடித்துத் தெருவில் விற்ற தைரியத்தை நினைத்துப் பாருங்கள்! சுயமரியாதை என்னும் சொல்லை நாம் கொடியில் எழுதுவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் அதைச் சேரியில் அச்சுக்கோத்துக் கொண்டிருந்தார்கள்.

கோலார் தங்கவயலை எடுத்துக் கொள்ளுவோம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வந்த பிறகு வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பண்ணை அடிமைத்தனத்துக்குத் தப்பி ஆயிரக்கணக்கான ஆதிதிராவிடர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பூமிக்குள்ளே மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தார்கள். கல் தூசி நெஞ்சில் அடைத்துச் செத்தார்கள். 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே வந்தது. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடன் குந்துமணி தங்கம் போடக்கூடாதென்று தடை போட்ட அதே 1930-ல், நாட்டின் தங்கத்தை ஆதிதிராவிடன்தான் தோண்டிக் கொண்டிருந்தான்.

அந்தத் தங்கவயலில் தோண்டுவது மாத்திரம் நடக்கவில்லை. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை ஏற்பட்டது. சித்தார்த்த புத்தகசாலை புத்தகம் போட்டது. அயோத்திதாசர் 1914-ல் காலமான பின்பு நின்று போன "தமிழ"னை 1920-களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடியும் நடத்தினார். 1930-ல் கம்பெனி தொழிலாளர்களிடம் குற்றவாளிகளைப் போல் விரல் ரேகை பதியச் சொன்னபோது, முடியாதென்று வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐயரில்லாத கல்யாணமும், ஜாதி கேளாத சாப்பாடும், இரவுப் பள்ளிக்கூடமும் பட்டணத்துப் பிரசங்கிகள் சொல்லிக் கொடுத்து அங்கே வந்தவையல்ல. சுரங்கத்தில் இறங்கி ஏறுகிறவர்கள் தாங்களே உண்டாக்கிக் கொண்டவை. 2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார்களின் பங்களாக்களைக் காட்டி "குட்டி இங்கிலாந்து" என்று இன்றும் பெருமை பேசுகின்றார்கள். புத்தகசாலை எங்கேயிருந்தது என்று கேட்டால் எத்தனை பேர் கைகாட்டுவார்கள்?

வடசென்னையைப் பாருங்கள். 1918-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்நாட்டு முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. ஆனால் 1921-ல் பக்கிங்காம் கர்னாட்டிக் மில் வேலைநிறுத்தத்திலே ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கமும் மற்றவர் ஒரு பக்கமுமாகப் பிளந்து புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிப் பிரயோகமும் நடந்தது. இதையும் மறைக்கக்கூடாது. தொழிலாளி என்ற ஒற்றுமையை ஜாதி எப்படி அறுத்து விடும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டியதில்லை. அந்த மில்லும் 1996-ல் மூடப்பட்டது. ஆனால் அத்தெருக்களில் பிறந்த கானாப்பாட்டும், குத்துச்சண்டையும், பந்தாட்டமும் மூடப்படவில்லை. ஒருகாலத்தில் சாவு வீட்டுப் பாட்டென்று முகஞ்சுளித்தவர்களின் பிள்ளைகளே இப்போது சீட்டு வாங்கிக் கேட்கின்றார்கள். 2018-ல் "ஜாதியில்லாக் கூட்டம்" என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்டு ஒரு கானாக் குழு சென்னையில் மேடையேறிற்று. அந்தப் பெயர் நேரே அயோத்திதாசர் சொல்லிலிருந்து எடுத்தது. நூறு வருஷத்துச் சொல் அச்சு யந்திரத்திலிருந்து பாட்டுக்காரன் வாய்க்கு வந்துவிட்டது. பாரம்பரியம் என்றால் இதுவல்லாமல் வேறென்ன?

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உள்ள வியாதியுமல்ல. அமெரிக்காவிலே நியூயார்க் நகரத்தில் 1825-ம் வருஷம் முதல் கறுப்பு மக்கள் தங்கள் சொந்தக் காசில் நிலம் வாங்கி செனெகா கிராமம் என்பதாக ஒரு குடியிருப்பு உண்டாக்கினார்கள். அங்கே மூன்று சர்ச்சுகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தன. 250 டாலர் சொத்துள்ள கறுப்பனுக்குத்தான் ஓட்டு என்று அங்கே சட்டமிருந்தபடியால், அந்த நிலம் அவர்களுக்கு வீடு மாத்திரமல்ல, ஓட்டுரிமையுமாயிருந்தது. 1857-ல் நகரத்துக்குப் பெரிய பூங்கா வேண்டுமென்று அதைத் தரைமட்டமாக்கினார்கள். சொந்தப் பத்திரம் வைத்திருந்தவர்களையும் சேர்த்து "ஆக்கிரமிப்புக்காரர்கள்" என்று அந்நாளையப் பத்திரிகைகள் எழுதின. ஏதோ நஷ்டஈடும் கொடுத்தார்கள். ஆனால் சிதறிய அந்த ஊர் மறுபடி கூடவேயில்லை. அங்கே அப்படி ஓர் ஊர் இருந்தது என்று பலகை நாட்டுவதற்கு 2001-ம் வருஷம் வரவேண்டியிருந்தது!

அதே நகரத்தில் ஹார்லெம் என்று ஒரு பகுதி. மற்ற இடங்களில் வாடகைக்கு வீடு கிடைக்காத கறுப்பு மக்கள் 1900-க்குப் பின் அங்கே குவிந்தார்கள். அடைக்கப்பட்ட இடத்திலேயே பாட்டும், நாடகமும், பத்திரிகையும், எழுத்தும் செழித்தன. ஆர்துரோ ஷோம்பர்க் என்ற ஒரு கறுப்பர், பள்ளிக்கூடத்திலே "உங்கள் இனத்துக்குச் சரித்திரமே இல்லை" என்று ஆசிரியர் சொன்னதைக் கேட்டு ரோஷங்கொண்டு, வாழ்நாளெல்லாம் தம் இனத்தார் எழுதிய புத்தகங்களையும் கடிதங்களையும் படங்களையும் தேடிச் சேர்த்தார் என்று சொல்லுவார்கள். ஆயிரக்கணக்கான அந்தச் சேகரத்தை 1926-ல் 10,000 டாலருக்கு வாங்கி ஹார்லெம் நூல்நிலையத்திலே வைத்தார்கள். இன்றைக்கு உலகத்தார் அங்கே போய்ப் படிக்கின்றார்கள். அவர் ராஜாவுமல்ல, கோடீசுவரருமல்ல. சம்பளத்துக்கு உழைத்த ஒரு குமாஸ்தா. ஒரு குமாஸ்தாவின் ரோஷம் ஓர் இனத்தின் சரித்திரத்தைக் காப்பாற்றிற்று.

நாமோ என்ன செய்கின்றோம்? சேரியை முதலில் ஊருக்கு வெளியே வைத்தோம். ஊர் பெருத்துச் சேரியைச் சுற்றி வந்தவுடன், "இது நடு ஊரில் அசிங்கமாக இருக்கின்றது" என்கின்றோம். கூவம் கரையிலும் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்களைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றுகின்றார்கள். 2022-ம் வருஷம் மே மாதம் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துக் கோவிந்தசாமி நகரிலே வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தம் உடம்பில் தீ வைத்துக்கொண்டு மாண்டு போனார். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்த ராஜா அண்ணாமலை செட்டியாரின் பெயரைத் தாங்கிய பேட்டை அது. அவருடைய ஊரில் மாளிகையைக் காப்பாற்ற ஏற்பாடு. அவர் பெயருள்ள பேட்டையில் ஏழை வீட்டை இடிக்க யந்திரம்!

கால்வாய்க் கரையில் வெள்ளம் வரும், கோர்ட்டு உத்தரவு இருக்கின்றது என்று சர்க்கார் சொல்லுகின்றார்கள். வெள்ளத்தில் சாக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நல்ல வீடு வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆனால் கரையிலிருந்து பெயர்த்தவனுக்கு அருகில் ஒரு மைல் தூரத்தில் இடங் கொடுக்காமல் அநேக மைலுக்கப்பால் கொண்டு போய் விடுவது ஏன்? அவனுடைய கூலி வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், அவசரத்துக்கு ஓடும் ஆஸ்பத்திரி, கைமாற்றுக் கொடுக்கும் பக்கத்து வீடு, எல்லாம் அந்தத் தெருவில்தானே இருந்தன? வீடு என்பது நாலு சுவர் என்று நினைப்பவர்கள், தங்கள் சொந்தப் பங்களாவை அப்படி மாற்றச் சம்மதிப்பார்களா?

இவ்விடத்தில் நம்மையே சிலர் மடக்கப் பார்ப்பார்கள். "பழமையைக் கொளுத்து, வழக்கத்தை உடை என்று சொல்லும் சுயமரியாதைக்காரர்களாகிய நீங்கள் இப்போது பாரம்பரியத்தைக் காப்பாற்று என்கிறீர்களே, இது முன்னுக்குப் பின் முரணல்லவா?" என்பார்கள். கொஞ்சமும் முரணில்லை. பழையது என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ள நாம் என்றும் சொன்னதில்லை, இப்பொழுதும் சொல்லவில்லை. சேரி என்ற தனியிடமே ஒழிய வேண்டும் என்பதுதான் நம் கொள்கை. தனிக்கிணறும், தனிச்சுடுகாடும், சாவுக்குப் பறையடிக்க வேண்டுமென்ற கட்டாயமும் பாரம்பரியமல்ல, அவை விலங்கு. விலங்கை உடைக்க வேண்டும். ஆனால் விலங்கோடு இருந்த காலத்திலேயே அந்தக் கை என்ன எழுதிற்று, என்ன கட்டிற்று, என்ன வாசித்தது என்பதை அழிக்க யாருக்கும் உரிமையில்லை. அதே பறையைக் கட்டாயத்துக்காக அடித்தால் அடிமைத்தனம். மனமொப்பி மேடையில் அடித்தால் கலை. கருவி ஒன்றுதான், வித்தியாசம் மனிதனுடைய சம்மதத்தில் இருக்கின்றது. இந்த ஒரு அளவுகோல் கையிலிருந்தால் எதை விடுவது, எதை வைப்பது என்பதில் குழப்பம் வராது.

அன்றியும், ஒருவனை அடிமையாக வைத்திருக்க முதலில் செய்யும் வேலை அவனுக்குச் சரித்திரமில்லை என்று சொல்லுவதுதான். நிலத்தைப் பிடுங்கினால் அவன் மறுபடி சம்பாதிப்பான். "உன் பாட்டன் ஒன்றும் செய்யவில்லை, என்றைக்கும் கைகட்டித்தான் நின்றான்" என்று நம்பச் செய்துவிட்டால் அவன் பேரனும் கைகட்டித்தான் நிற்பான். புராணம் அந்த வேலையை இரண்டாயிரம் வருஷமாகச் செய்தது. இப்போது உல்லாசப் பிரயாணக்காரர்களுக்கு அச்சடிக்கும் வண்ணப் புத்தகங்கள் அதையே செய்ய வேண்டுமா?

பணக்காரர்களையெல்லாம் நாம் ஒரே தராசில் நிறுக்கவுமில்லை. அதே காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 1947-ல் கல்லூரி வைத்தார்; மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பூட்டிக்கிடக்கும் எந்த மாளிகையையும்விட அது உயிருள்ள சின்னம் என்போம். ஏனெனில் அதன் வாசலில் எல்லா ஜாதிப் பிள்ளையும் நுழைகின்றது.

ஆகவே, செய்ய வேண்டியதென்ன? முதலாவது, செட்டிநாட்டுப் புராதனத்தைப் பற்றி எழுதும் ஒவ்வொரு புத்தகமும், பேசும் ஒவ்வொரு வழிகாட்டியும், 1930-31 தடைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்மையைக் கேட்டு வெளிதேசத்தார் ஓடிவிட மாட்டார்கள், அதிகமாகவே வருவார்கள். இரண்டாவது, இராயப்பேட்டையில் அச்சுக்கூடமிருந்த தெரு, புளியந்தோப்பில் சங்கம் கூடிய திடல், மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கம் ஆகிய இடங்களிலெல்லாம் கல் நாட்ட வேண்டும். 2023-ம் வருஷம் டிசம்பரில் கிண்டியில் அயோத்திதாசருக்கு மணிமண்டபம் திறந்தார்கள், சந்தோஷம். ஆனால் மண்டபத்தில் சிலை இருந்தால் போதாது. அவர் நடந்த தெருவிலே அவர் பெயரைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். மூன்றாவது, சம்மதமில்லாமல் எந்தக் குடியிருப்பையும் பெயர்க்கக்கூடாது. பெயர்க்கத்தான் வேண்டுமென்றால் கூப்பிடு தூரத்தில் வீடு கொடுக்க வேண்டும்.

நான்காவதும் முக்கியமானதும் என்னவென்றால், சர்க்காருக்காகக் காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியது. மானகிரித் தோழருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். தோழரே! ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் தெருவிலே வயது சென்ற பாட்டி யார், தாத்தா யார் என்று பார்த்து, சாயங்காலம் போய் உட்காருங்கள். எந்த வீட்டுக்கு யார் சுண்ணாம்பு அரைத்தார்கள், யார் முதன்முதலில் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடந்தார்கள், யார் முதலில் செருப்போடு ஊர்த்தெருவுக்குள் போனார்கள், எந்தப் பெண் முதலில் பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்தாள், யார் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய நோட்டீசு, படம், ரசீது எது கிடைத்தாலும் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். அவற்றை வைக்கத் தெருவில் ஒரு சிறு வாசகசாலை தொடங்குங்கள்.

அதன்பிறகு எந்த வழிகாட்டியாவது, "இந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லட்டும். அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். மாளிகையைக் கட்டியவனுடைய பேரன் எழுதிய கணக்கு இது, படித்துவிட்டுப் பேசும் என்று சொல்லுங்கள்.